"பிரேக்கைத்தான் மிதித்தேன்": வாகனம் தானாகப் பாய்ந்ததாகச் சொல்லப்பட்ட விபத்துகள், உறுப்பினர் அனுபவங்கள்

கோவையிலிருந்து:

சென்ற ஐப்பசி மாதத்தில், நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில், என் தந்தை ஓட்டிய கார் பின்னோக்கிப் பாய்ந்து, காவலாளியின் இடது காலை முறித்துவிட்டுச் சுவரில் மோதி நின்றது. அப்பாவுக்கு 67 வயது. நாற்பது ஆண்டுகள் கிளட்ச் மிதித்தே ஓட்டிப் பழகியவர். ஆட்டோமேட்டிக் கார் வாங்கி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. பழைய உரிமமே இதற்கும் செல்லும் என்பதால், புதிய வண்டியைப் பற்றி எவரும் அவருக்கு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. "பிரேக்கைத்தான் மிதித்தேன், மிதிக்க மிதிக்க வண்டி சீறியது" என்று அன்று மாலை காவல் நிலையத்தில் சொன்னதையே இன்றும் சொல்கிறார்.

உதவி ஆய்வாளர் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை. நாற்காலி கொடுத்தார், தேநீர் வரவழைத்தார். ஆனால் "ஐயா, இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்த வண்டி?" என்று அவர் கேட்டபோதே விசாரணை முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. முதல் தகவல் அறிக்கையில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவும், கொடுங்காயத்துக்கான 125(பி) பிரிவும் இடம்பெற்றன. மறுநாள் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து, பிரேக்கை மிதித்துப் பார்த்து, ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்து, விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமில்லை என்று எழுதினார். வண்டியை எடுத்துச் செல்லலாம் என்றார்கள். எடுத்து வந்து, பழுது நீக்கி, இரண்டே மாதத்தில் விற்றுவிட்டோம். மோதலுக்கு முந்தைய நொடிகளில் எந்த மிதி அழுந்தியிருந்தது என்ற பதிவு சில கார்களில் இருக்கும் என்பதை அதன் பிறகுதான் படித்தேன்.

அப்பா ஆக்சிலரேட்டரைத்தான் மிதித்திருப்பார் என்பதே என் எண்ணம். இதை அவரிடம் சொன்னதில்லை. பின்னால் பார்க்க உடலைத் திருப்பும்போது கால் இருந்த இடத்திலிருந்து சற்றே விலகும். வண்டி பாய்ந்தவுடன், பிரேக் என்று தான் நம்பும் மிதியை மனிதர் இன்னும் ஆழமாகத்தான் அழுத்துவார். ஆனால் என்னுடையது ஊகம். உதவி ஆய்வாளருடையதும் ஊகமே. அவருடையது மட்டும் குற்றப்பத்திரிகையாகிவிட்டது.

செயின்ட் பால், மினசோட்டாவிலிருந்து:

நான் வசிக்கும் இந்நகரத்தில், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து குடியேறிய ஹ்மோங் இன மக்கள் மிகுதி. அவர்களுள் ஒருவரான என் அலுவலகத் தோழர் ஒரு நாள் உணவு வேளையில் சொன்ன வழக்கை, பிறகு நானே தேடிப் படித்தேன். 2006 ஜூன் 10 அன்று, தேவாலயத்திலிருந்து குடும்பத்துடன் திரும்பிக்கொண்டிருந்த ஹ்மோங் இளைஞர் ஒருவரின் 1996ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வழியில் பெருவேகத்துடன் சென்று இன்னொரு காரில் மோதியது. அந்தக் காரில் இருந்தவர்களுள் மூவர் இறந்தனர். பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அரசுத் தரப்பு நம்பவில்லை. அவருடைய வழக்கறிஞரே, தம் கட்சிக்காரர் தவறி ஆக்சிலரேட்டரை மிதித்திருப்பார் என்று ஜூரிகளிடம் ஒப்புக்கொண்டார். தண்டனை எட்டு ஆண்டுகள்.

கார்கள் தானாகப் பாய்வதாக எழுந்த புகார்களை அடுத்து, 2009, 2010இல் டொயோட்டா இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தபோதுதான் இந்த வழக்கின் மீது மீண்டும் கவனம் விழுந்தது. அந்தக் கார் அதுவரை அழிக்கப்படாமல் இருந்தது என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதை மறுபடி ஆராய்ந்த வல்லுநர்கள், பின்விளக்கு பல்புகளின் இழைகளைக் கொண்டு, மோதலின்போது பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்றனர். இறந்தவர்களின் குடும்பமே அவருடைய விடுதலைக்காகக் குரல் கொடுத்தது. 2010 ஆகஸ்டில் தண்டனை ரத்தாகி அவர் வெளியே வந்தார். 2015இல் உரிமையியல் வழக்கை விசாரித்த ஜூரிகள், நிறுவனத்தின் மீது 60 சதவீதப் பொறுப்பையும் ஓட்டுநரின் மீது 40 சதவீதப் பொறுப்பையும் சுமத்தினார்கள்.

ஓய்வு பெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர்:

"விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமில்லை" என்று கோவை உறுப்பினர் குறிப்பிட்ட அந்த வாக்கியத்தை என் பணிக்காலத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. ஆக்சிலரேட்டர் கேபிள் இருந்த காலத்தில் அது சிக்கியிருக்கிறதா என்று விரலால் இழுத்துப் பார்த்துவிடலாம். இன்றைய கார்களில் மிதிக்கும் இன்ஜினுக்கும் நடுவே சென்சாரும் கணினியும்தான் இருக்கின்றன. நின்றுபோன வண்டியைக் கையால் சோதிப்பவருக்கு அவை எதையும் சொல்வதில்லை.

அதற்காக ஓட்டுநர் சொல்வதை அப்படியே நம்பிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. டொயோட்டா கார்களை ஆராய்ந்த நாசா பொறியாளர்கள், பெருவேகப் பாய்ச்சலுக்கு மின்னணுக் கோளாறு காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2011இல் அறிக்கை தந்தார்கள். 2024 ஜூலை 1 அன்று சியோல் நகர மன்றத்தருகே ஒன்பது பேரைப் பலிகொண்ட 68 வயது ஓட்டுநரும் பிரேக் பிடிக்கவில்லை என்றே சாதித்தார். அங்கே காவல்துறை அவருடைய வயதைப் பார்த்து முடிவு கட்டவில்லை. காரின் பதிவுக் கருவியை எடுத்துப் படித்தார்கள், அவர் அணிந்திருந்த வலது காலணியின் அடிப்பகுதியில் பதிந்திருந்த தடத்தை ஆக்சிலரேட்டர் மிதியோடு ஒப்பிட்டார்கள், அது பொருந்தியது. காவல்துறையின் அந்த முடிவை ஓட்டுநர் மறுக்கலாம், ஆனால் அதற்குச் சான்று இல்லை என்று சொல்ல முடியாது.

திறமையைப் பற்றியும் ஒன்று. 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் தரைவிரிப்பில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்ட லெக்சஸ் காரை ஓட்டியவர், நெடுஞ்சாலைக் காவல்துறையில் பல்லாண்டு அனுபவம் உள்ள அதிகாரி. அவரும் உடனிருந்த குடும்பத்தினர் மூவரும் மாண்டார்கள். அது டீலர் தற்காலிகமாகக் கொடுத்திருந்த வண்டி. அதில் ஸ்டார்ட் பொத்தானைச் சில நொடிகள் தொடர்ந்து அழுத்தினால்தான் இன்ஜின் அணையும். பழகாத வண்டியில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க எவருக்கும் நேரம் இருக்காது. பாய்ந்தால் நியூட்ரலுக்குத் தள்ளு, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மூச்சில் அழுத்து என்று நம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. தேர்வு நடத்திய நாங்களும் கேட்டதில்லை.

கோவையிலிருந்து மீண்டும்:

ஐயா, தங்கள் பதிவைப் படித்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே தேடினேன். அன்று அப்பா அணிந்திருந்த ரப்பர் செருப்பு அங்கேதான் கிடந்தது; இத்தனை மாதங்களில் அதைக் கேட்டு யாரும் வரவில்லை. அதை ஒரு பையில் போட்டு, தேதி எழுதி, வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறேன். அது என் தந்தைக்கு எதிராகவே பேசக்கூடும் என்று அவர் எச்சரித்தார், தெரியும் என்றேன்.