புஷ்-புல் விரியலாக்கி: தமிழில் என்ன சொல்? (எழுதிய நால்வரும் பெயருக்குப் பதில் தங்கள் ஊரால் குறிக்கப்படுகிறார்கள்)

வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை வகுப்புக்கான வால்வு விரியலாக்கி (அம்ப்ளிஃபயர்) கையேடு வெள்ளி காலை அச்சுக்குப் போகவேணும். சிங்களப் பக்கங்கள் முடிஞ்சுது. தமிழில் ஒரு சொல்லில் நிற்கிறேன்: புஷ்-புல், அதாவது இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் விரியலாக்கி.

சுற்று இதுதான்: ஈசிசி83 என்ற இரட்டை வால்வு ஒன்று. அதன் ஒரு பாதி முன்விரியலாக்கி, மறுபாதி சைகையை (சிக்னலை) எதிரெதிரான இரண்டு அவத்தையாகப் (ஃபேஸ்) பிரிக்கிறது. அனோட்டிலும் கதோட்டிலும் சமமாக 100 கிலோஓம். பிறகு ஈஎல்84 என்ற வலு வால்வு இரண்டு, 300 வோல்ற்று, இரண்டு கதோட்டுக்கும் பொதுவாக 130 ஓம். பயப்பு நிலைமாற்றி (ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ட்ரான்ஸ்போமர்) அனோட்டுக்கு அனோட்டு 8 கிலோஓம். "தள்ளல்-இழுத்தல் விரியலாக்கி" என்று எழுதினால் நீளம், வேறு சொல்லோடு ஒட்டவும் மாட்டுது.

கொட்டாஞ்சேனை

தம்பி, "உந்தீர்ப்பு" என்று போடுங்கோ. உந்து, ஈர்ப்பு இரண்டும் பழஞ்சொல். புணர்ச்சியிலும் குறையில்லை.

தெஹிவளை

ஐயா, உயர்தரப் பிள்ளைக்கு உந்தம் என்றால் திணிவு தர வேகம். ஈர்ப்பு என்றால் நியூற்றன். வாசித்த உடன மனம் இலத்திரனியலை விட்டு விசை, இயக்கப் பாடத்துக்குப் போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், வால்வு எதையும் தள்ளுவதில்லை. நிலைமாற்றியின் முதற்சுற்றின் நடுமுனையில் 300 வோல்ற்று. அங்கிருந்து இரு பக்கமும் ஓட்டம் பிரிந்து இரண்டு அனோட்டுக்கும் போகிறது. சைகை இல்லாதபோது வால்வுக்கு 36 மில்லிஅம்பியர். மேல் வால்வு 40 இழுத்தால் கீழ் வால்வு 32. இரண்டும் இழுக்கிறதுதான், ஒன்று கூட, மற்றது குறையும். இரு ஓட்டமும் அகணியை (நிலைமாற்றியின் இரும்பு நடுப்பகுதியை) எதிரெதிராகக் காந்தமாக்குவதால் அதில் காற்றிடைவெளி தேவையில்லை, இரட்டை இசையங்களும் (சைகையின் 2, 4 மடங்கு அதிர்வெண்ணில் வரும் திரிபும்) அங்கேயே கழிபடும். ஒரு பக்க இணைப்புக் கொள்ளளவி கசிந்தால் அந்தப் பக்க வால்வின் நெய்யரி (கிரிட்) நேர் மின்னழுத்தப் பக்கம் நகர்ந்து, அந்த வால்வு மட்டும் கூட இழுத்து அதன் அனோட்டுத் தகடு சிவக்கும். சமநிலை குலைந்து தாழ்சுரமும் மெலியும். "உந்து" என்ற சொல் இந்தப் படத்தைப் பிழையாகவே காட்டும்.

பம்பலப்பிட்டி

நான் மாற்றவே வேண்டாம் என்பேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் போய் நின்று பிள்ளை கேட்கப்போவது "புஷ்-புல் ட்ரான்ஸ்போமர்". வேறு சொல் சொன்னால் கையில் வருவது ஒற்றை வால்வுக்கான சிங்கிள்-எண்டட். முதற்சுற்றில் இரண்டே வயர் என்றால் அது நமக்குச் சரிவராது. மூன்று வேணும், வால்வுகளின் திரை நெய்யரிக்கும் வயர் எடுக்கும் அல்ட்ரா-லீனியர் என்றால் ஐந்து. இரு பாதியின் தடையை மீற்றரில் பார்த்தால் சற்று வித்தியாசம் காட்டும். வெளி அடுக்கில் சுற்றிய கம்பி நீளம் கூட என்பதால் அப்படி, பழுது இல்லை. இதைக் கையேட்டில் போடுங்கோ, சொல்லை விடுங்கோ.

கொட்டாஞ்சேனை

தெஹிவளைத் தங்கச்சி சொன்னது நியாயம், உந்தீர்ப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தள்ளாமல் இழுத்து மட்டும் வேலை செய்யும் கருவி நம்மிடம் பழையது: தயிர் கடையும் கயிறு. ஒரு கை இழுக்க மறுகை இளகிக் கொடுக்கும், நடுவில் மத்து சுழலும். உங்கள் நடுமுனை அதுதான். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வடவரை மத்து, வாசுகி நாண். அதே பாட்டிலேயே அசோதையின் கடைகயிறு வருகிறது. கடலைக் கடைந்தபோது ஒரு பக்கம் தேவர், மறுபக்கம் அசுரர். எதிரெதிர் அவத்தைக்கு இதைவிட என்ன உவமை வேணும்? "கடைகயிற்று விரியலாக்கி."

தெஹிவளை

உவமை அருமை ஐயா, விளக்கத்தில் கட்டாயம் போடவேணும். பெயராக வைத்தால் "கடை" என்பதை இறுதிநிலை என்று வாசிப்பார்கள். இந்த வால்வுகள் இருப்பதும் இறுதிநிலையில்தானே. அதே கருத்தில் "மாறிழுப்பு" எப்படி?

பம்பலப்பிட்டி

மாறி மாறி இழுப்பது வகுப்பு பீ. வகுப்பு ஏயில் இரண்டும் முழு நேரமும் இழுக்கும். இந்தச் சுற்று இரண்டுக்கும் இடைப்பட்ட ஏபீ. சத்தம் குறைவாக இருக்கும்போது இரண்டும் சேர்ந்தே இழுக்கும். அப்போது உங்கள் சொல்லும் பிழை.

தெஹிவளை

"மாறி" என்ற எச்சம் என்றால் மாறியிழுப்பு என்றுதான் வரும். இது மாறு + இழுப்பு. உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும். மாறு என்றால் எதிர்: மாறுபாடு, மாற்றார். எதிரெதிர்த் திசையில் இழுப்பு. ஏ, ஏபீ, பீ மூன்றுக்கும் பொருந்தும்.

பம்பலப்பிட்டி

எதிர்க்கவில்லை. பக்கத்தில் புஷ்-புல் என்ற சொல்லும் நிற்கவேணும்.

வெள்ளவத்தை

நேரம் இல்லை, முடிக்கிறேன். தலைப்பு "மாறிழுப்பு விரியலாக்கி", முதல் வரியிலேயே "கடைகளில் புஷ்-புல் என்று கேட்கவும்". கடைகயிறு விளக்கப் படத்துக்கு. பின்னூட்டல் (ஃபீட்பாக்) இணைத்ததும் ஊளையிட்டால் உடனே நிறுத்தி, மின்னிறக்கிய பிறகு இரண்டு அனோட்டு வயரையும் இடம் மாற்றவேணும் என்பதையும் சேர்த்துவிட்டேன். ஸ்பீக்கரோ 8 ஓம் தடையியோ இணைக்காமல் சைகை கொடுக்கக்கூடாது என்று பெட்டி கட்டிப் போட்டிருக்கு. வரைவு இணைப்பில்.

கொட்டாஞ்சேனை

எனக்கு இசைவில்லை. மாறு என்றதும் விளக்குமாறு நினைவுக்கு வரும் நாட்டில் கடைகயிறுதான் நிலைக்கும். அடுத்த பதிப்பில் திரும்பக் கேட்பேன். அது கிடக்க, 4ஆம் பக்கத்தில் அந்த 130 ஓம் தடையிக்கு அரை வாற்று என்று இருக்கு. திரை நெய்யரிகளின் ஓட்டமும் சேர்த்து 80 மில்லிஅம்பியர் போகும். வர்க்கித்து 130ஆல் பெருக்கினால் 0.83 வாற்று. அச்சுக்குப் போகமுன் 3 வாற்று என்று திருத்துங்கோ தம்பி.