ஸ்கேனரில் வெட்டி வெட்டி வரும் குரல்: எங்கள் குடும்பக் குழுவிலிருந்து

கதிர் (ஹூஸ்டன்), காலை 7:42
மாமா, வணக்கம். நான் வாங்கிய பழைய டிஜிட்டல் ஸ்கேனரில் (பிறர் வானொலிப் பேச்சைக் கேட்கும் கருவியில்) இங்குள்ள தீயணைப்பு வீரர்களின் பேச்சு வெட்டி வெட்டி வருகிறது. சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கின்றன. இருந்தும் நேற்றிரவு தெருவின் பெயர் மட்டும் கேட்டது, வீட்டு எண் வரும்போது தகர டப்பாவுக்குள் யாரோ கொப்பளிப்பது போலாகிவிட்டது. பெரிய ஆன்டெனா மாட்டியபின் நிலைமை இன்னும் மோசம்.

முத்து மாமா, 7:55
162 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வரும் வானிலை ஒலிபரப்பைப் போட்டுப் பார். அது சாதாரண எஃப்எம் என்பதால், அங்கே குரல் தெளிவாக இருந்தால் ஸ்பீக்கர் மீது பழியில்லை.

கதிர், 8:01
அது கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறது, மாமா.

முத்து மாமா, 8:20
அப்படியானால் இது சைமல்காஸ்ட், அதாவது பல கோபுரங்கள் ஒரே நேரத்தில் ஒரே பேச்சை அனுப்புவதால் வரும் கோளாறாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் ஊரின் பி25 (தீயணைப்பு, காவல் துறைகளுக்கான டிஜிட்டல் வானொலி முறை) அமைப்பில் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில், ஜிபிஎஸ் கடிகாரத்தைப் பார்த்து, ஒரே கணத்தில் ஒரே பேச்சை அனுப்பும். முதல் கட்ட பி25 நொடிக்கு 4800 குறியீடுகளை (தகவலின் சிறு துண்டுகளை) அனுப்புவதால் ஒரு குறியீட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 208 மைக்ரோ நொடி. ஒரு கோபுரம் உனக்கு மற்றொன்றைவிட 15 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் அதன் அலை 50 மைக்ரோ நொடி பிந்தும். அதாவது ஏறத்தாழ கால் குறியீடு. இரண்டும் சம வலுவோடு வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். பழைய ஸ்கேனர்கள் எஃப்எம் பிரிப்பானின் (எஃப்எம் அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதியின்) வழியாகவே டிஜிட்டலைப் படிப்பதால், அந்தக் குழப்பத்தை அவிழ்க்க வேண்டிய தகவலை முதலிலேயே இழந்துவிடுகின்றன. பெரிய ஆன்டெனா தூரத்துக் கோபுரங்களையும் சேர்த்து அழைத்துவந்துவிட்டது, அவ்வளவுதான்.

வள்ளி அக்கா, 8:26
அப்படியென்றால் சிக்னலைக் குறைக்கச் சொல்கிறீர்களா, மாமா? கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது.

முத்து மாமா, 8:38
ஆமாம் அம்மா, வேண்டுவது ஒரே ஒரு கோபுரம். கதிர், பெரிய ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கூடவந்த குட்டையானதை மாட்டி, மெனுவில் அட்டென்யுவேட்டரை (சிக்னலின் வலுவைக் குறைக்கும் வசதியை) போடு. பிறகு ஸ்கேனரை ஒரு சாண், ஒரு சாணாக நகர்த்திக் கேள். 850 மெகாஹெர்ட்ஸில் அலைநீளமே 35 சென்டிமீட்டர்தான் என்பதால், ஒரு சாண் தூரத்திலேயே நிலைமை தலைகீழாக மாறலாம். எதிர்ப்பக்கத்துக் கோபுரங்களைச் சுவரோ குளிர்சாதனப் பெட்டியோ மறைத்தால் நல்லது.

கதிர், இரவு 9:14
மாமா, சன்னலோரம் பயனில்லை. சமையலறையில் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தபோது வீட்டு எண் உட்பட முழு அழைப்பும் கேட்டது. ஒரு கையகலம் வெளியே இழுத்தால் மறுபடியும் கொப்பளிக்கிறது. ஆனால் அங்கேயே நின்றுகொண்டிருக்க முடியாதே!

முத்து மாமா, 9:31
நிலையாகக் கேட்க, உங்கள் ஊர் அமைப்பின் அலைவரிசைக்கான சிறிய யாகி ஆன்டெனா (ஒரு திசையை மட்டும் நோக்கிக் கேட்பது) ஒன்றை அருகிலுள்ள கோபுரத்தை நோக்கித் திருப்பி வை. சில நேரங்களில் நேராகக் காட்டுவதைவிட, தொல்லை தரும் கோபுரத்துக்குப் பக்கவாட்டைக் காட்டுவதே பலன் தரும். அதற்கும் மசியாவிட்டால், 2018இல் வந்த யூனிடன் எஸ்டிஎஸ்100 போன்ற ஸ்கேனரைப் பார்க்கலாம். அது அலையின் கட்டத்தையும் (அலை தன் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும்) வலுவையும் சேர்த்தே படிக்கும். விலைதான் கையைக் கடிக்கும். மறையாக்கம் செய்த (ரகசியக் குறியாக மாற்றிய) பேச்சு எந்த ஸ்கேனரிலும் கேட்காது, அதை இந்தக் கோளாறோடு குழப்பிக்கொள்ளாதே.

கதிர், 9:36
முதலில் யாகியையே முயல்கிறேன், மாமா. சனிக்கிழமை மாட்டிவிட்டு ஒலிப்பதிவை இங்கே அனுப்புகிறேன்.