ஒரே நாளில் கொக்கட்டிச்சோலையும் மண்டூரும்: எந்தப் பக்கத்தால போய் எந்தப் பக்கத்தால வாறது?

வன்னிமயில்

வணக்கம். பெப்ரவரி நடுப்பகுதியில வவுனியாவில இருந்து மட்டக்களப்புக்கு வாறம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் நோ இருக்கு. பிள்ளைகள் ரெண்டு பேர். நகரத்தில தங்கி, வான் ஒண்டு பிடிச்சு ஒரு நாள் படுவான்கரையை (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரையை) பார்க்கிற எண்ணம். அம்மாவுக்குத் தான்தோன்றீஸ்வரரும் மண்டூர் முருகனும் கட்டாயம். பிள்ளைகளுக்கு வயலும் குளமும் காட்டவேணும், அதால உன்னிச்சைக் குளத்தையும் சேர்த்திருக்கிறன். குடும்பிமலைக்கும் போகலாமா? எங்க தொடங்கி எங்க முடிக்கிறது நல்லம்?

வாவிக்கரையான்

முதல்ல குடும்பிமலையை விடுங்க. அது கிரான் பக்கத்தால உள்ளுக்குப் போற வேற பயணம், அதுக்கே ஒரு நாள் வேணும். உன்னிச்சையும் இந்த வரிசையில இல்ல. வலையிறவுப் பாலத்தால வவுணதீவு போய், ஆயித்தியமலை தாண்டி மேற்கால போகவேணும். கொக்கட்டிச்சோலை, மண்டூர் ரெண்டும் தெற்குப் பக்கம். மூண்டையும் கோர்த்தா அம்மா நாள் முழுக்க வானுக்குள்ளதான் இருப்பா.

தெற்குப் பக்கத்தை ஒரு சுற்றாப் போடுங்க: மண்முனைப் பாலத்தால உள்ளுக்கு, பட்டிருப்புப் பாலத்தால வெளிய. காலம ஆறரைக்கு வெளிக்கிட்டு கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி கடந்து மண்முனைச் சந்தியில வலக்கைப் பக்கம் கிறுகினா வாவி வந்திரும். 2014 வரைக்கும் அந்த இடத்தில பாதையிலதான் கடந்த. இங்க நாங்க பாதை எண்டு சொல்றது றோட்டை இல்ல, ஆளும் வண்டியும் ஏத்திக் கடத்துற தட்டையான மிதவையை. மண்டூரில ஆரிட்டயும் வழி கேக்கேக்க இது தெரிஞ்சிருந்தா குழப்பம் வராது.

பாலம் தாண்டி மகிழடித்தீவு. 1991 ஜூன் 12இல் கொல்லப்பட்ட சனங்களுக்கான நினைவுத்தூபி அந்த ஊரிலதான் இருக்கு. ரெண்டு நிமிசம் வானை நிப்பாட்டி, பிள்ளைகளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லிட்டுப் போங்க. இந்த மண்ணுக்கு வாறவங்க அதைப் பாக்காமப் போகக்கூடாது.

கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கு எட்டு மணிக்குள்ள போய்ச் சேருங்க. உச்சிப் பூசை முடிஞ்சா நடை சாத்திருவாங்க, மறுகா பின்னேரம்தான். பிந்தி வாற கன பேர் பூட்டின கதவைக் கும்பிட்டுட்டுப் போறாங்க. ஆம்பிளைகளுக்கு வேட்டி எடுத்து வாங்க, உள்ளுக்கு மேற்சட்டை கழட்டவேணும். வேடர் ஒருவர் கொக்கட்டி மரத்தை வெட்டேக்க இரத்தம் வந்து லிங்கம் வெளிப்பட்டது எண்டுதான் ஐதீகம், ஊர்ப்பேரும் அந்த மரத்தாலதான். பிள்ளைகளுக்குக் கல் நந்தியைக் காட்டுங்க. கோயிலை இடிக்க வந்த பறங்கி (போர்த்துக்கேய) தளபதிக்கு முன்னால எழும்பி, புல்லுத் திண்டு சாணி போட்டது எண்டு சொல்ற நந்தி அது.

ஒண்டு கவனிங்க: உங்கட நாள் மகா சிவராத்திரியோட முட்டுதா எண்டு கலண்டரைப் பாருங்க. அண்டைக்கு வானைத் தூரத்தில விட்டுட்டு நடக்கவேண்டி வரும். அம்மாவின்ட காலுக்குச் சரிவராது.

போரதீவு வாசி

மேல சொன்ன சுற்று சரி. கொக்கட்டிச்சோலைக்குப் பிறகு அரசடித்தீவு, அம்பிளாந்துறை, பழுகாமம், பெரியபோரதீவு, வெல்லாவெளி, மண்டூர் எண்டு வரும். சந்திக்குச் சந்தி ஊர்ப்பேரைச் சொல்லிக் கேட்டாப் போதும். போனில வாற வரைபடத்தை மட்டும் நம்பவேணாம், சில இடத்தில வயல் வரம்பையும் றோட்டு எண்டு காட்டும்.

பெப்ரவரி எண்டா பெரும்போக அறுவடை. வட்டை (வயல்வெளி) முழுக்க வெட்டு மெசின் நிக்கும், பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது. ஆனா நெல்லைத் தார் றோட்டிலயே ஒரு பக்கமாப் பரப்பிக் காய விடுவாங்க. நெல்லுக்கு மேல சில்லு ஏறினா அரிசி உடையும், குத்தேக்க குறுணைதான் மிஞ்சும். எதிர்ல வண்டி வந்தா நெல்லில ஏத்தாம நீங்க நிண்டு வழி விடுங்க. ட்றைவருக்கு இதை முதலே சொல்லி வையுங்க. ஒரு போகத்து உழைப்பு அந்த நெல்லிலதான் கிடக்கு.

வயலுக்குள்ள இறங்கவேணுமெண்டா வாடியில (வயல் குடிசையில) நிக்கிற ஆளிட்டக் கேட்டுட்டு இறங்குங்க, வேணாம் எண்டு ஆரும் சொல்லமாட்டாங்க. மாடு மேஞ்ச புல்லுக்குள்ள இருந்தா உண்ணி ஏறும். பிள்ளைகளுக்கு நீட்டுக் காற்சட்டை போடுங்க.

அறுவடைக் காலத்தில நெல்லு மணத்துக்கு யானை வரும். வெல்லாவெளிக்கு மேற்கால உள்ள ஊர்களில யானையைத் துரத்தப் போடுற யானைவெடி இரவிரவா கேக்கும். அஞ்சு மணிக்கு முன்னம் வாவிக்குக் கிழக்கால வந்திருங்க. உள்றோட்டில யானை நிண்டா ஹோர்ன் அடிக்கவேணாம், லைற் அடிச்சுப் பார்க்கவேணாம். தூரத்திலயே நிப்பாட்டி, திரும்பிப் போறதுக்கு வசதியா வானை வச்சிருங்க.

பட்டிருப்பு_27

மண்டூர்த் துறையில ஒரு வேலை செய்யலாம். அம்மாவும் பிள்ளைகளும் பாதையில ஏறி குருமண்வெளிக்கு வரட்டும். வான் வெறுமையா வெல்லாவெளி, பெரியபோரதீவு, பட்டிருப்புப் பாலம், களுவாஞ்சிகுடி எண்டு சுத்தி வந்து குருமண்வெளியில ஏத்தட்டும். வான் சுத்தி வர அரை மணிக்கு மேல எடுக்கும், அதால வானை முதல்ல அனுப்பிப் போட்டு நீங்க ஆறுதலா ஏறுங்க. பாதை ஓடுதா எண்டு கோயிலடியிலயே கேட்டுக்கொள்ளுங்க. காத்துக் கடுமையா இருந்தா, வாவி பெருகி இருந்தா நிப்பாட்டிருவாங்க. அப்பிடியெண்டா எல்லாரும் வானிலயே திரும்பவேண்டியதுதான்.

ஏறேக்க வண்டிகளை முன்னுக்கு விட்டுட்டு ஏறுங்க. ஏறுற பலகை நனைஞ்சு வழுக்கும். அம்மா செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சா நல்லம், ஒரு ஆள் முன்னால நிண்டு கை குடுக்கவேணும். பிள்ளைகளை ஓரத்துக் கம்பியில ஏற விடாதீங்க. கரையில கால் நனைக்கவும் வேணாம், வாவியில முதலை இருக்கு. கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்து ஊருக்கு முதலைக்குடா எண்டு பேர் வந்தது சும்மா இல்ல.

மண்டூரைப் பற்றி: சின்னக் கதிர்காமம் எண்டு சொல்ற கோயில். பூசை செய்றவர் வாயைத் துணியால கட்டிக்கொண்டு, மந்திரச் சத்தம் இல்லாமத்தான் செய்வார். அம்மாவுக்கு முதலே சொல்லி வையுங்க, அந்த அமைதியில கதைக்கக்கூடாது. பெருந்திருவிழா ஆவணிப் பௌர்ணமித் தீர்த்தத்தோட முடியும், பெப்ரவரியில சனம் குறைவு. நேரத்தைத்தான் முதல் நாளே கேட்டு வையுங்க.

வன்னிமயில்

மிச்சம் நன்றி. உன்னிச்சையை விட்டிட்டம். மத்தியானச் சாப்பாடும் கழிவறையும்தான் இப்ப யோசனை. மழை பெய்தா என்ன செய்றது?

வாவிக்கரையான்

கழிவறைக்குக் கொக்கட்டிச்சோலையிலயே போயிருங்க, அதுக்குப் பிறகு களுவாஞ்சிகுடி வரைக்கும் நம்பி இருக்க ஏலாது. காசையும் டீசலையும் மட்டக்களப்பிலயே நிரப்புங்க. சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தா நேரம் மிச்சம். ஆளுக்கு ஒண்டரை லீற்றர் தண்ணி வையுங்க. பத்து மணிக்குப் பிறகு வயல் வெளியில நிழல் கிடையாது.

வழியில சட்டித் தயிர் கண்டா வாங்குங்க, இது எருமைப் பட்டி உள்ள ஊர். சட்டியை மெல்லச் சரிச்சுப் பாருங்க: தயிர் அசையாம நிக்கவேணும், மேல மஞ்சள் ஆடை படிஞ்சிருக்கவேணும். ஓரத்தில தண்ணி விட்டிருந்தா பழசு, புளிக்கும். வானில கொண்டு போறதெண்டா துணியைச் சுருட்டி வளையமா வச்சு அதுக்கு மேல சட்டியை இருத்துங்க, வெறும் தட்டில வச்சா முதல் குழியிலயே உடையும்.

மழை: கார்த்திகை, மார்கழிதான் பெருவெள்ளக் காலம், பெப்ரவரியில அந்தப் பயம் குறைவு. ஆனா தை மழை நீண்டா தாம்போதிகளில (தண்ணி மேலால பாய விட்டுக் கட்டின பதிவான றோட்டுகளில) தண்ணி பாயும். ஓரக் கல்லு கண்ணுக்குத் தெரியாட்டி வானை இறக்கக்கூடாது. ஆழம் முழங்காலுக்குக் கீழ எண்டாலும் இழுவைதான் சில்லைத் தள்ளும், றோட்டின்ட ஓரம் அரிச்சுப்போனதும் மேல இருந்து தெரியாது. அப்பிடியான நாளில கொக்கட்டிச்சோலையை மட்டும் பார்த்துட்டு மண்முனைப் பாலத்தாலயே திரும்புங்க. மண்டூருக்கு அடுத்த நாள் களுவாஞ்சிகுடிப் பக்கத்தால போகலாம்.