லென்ஸில் பூஞ்சை: பாண்டி, கடலூர் பக்கம் யாராவது வழி சொல்லுங்க

வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பம். கணக்குப் பிரிவில் வேலை. மார்ச் மாசம்னா வீடு திரும்ப ராத்திரி பத்தாகிடும். அதனால கேமராவுக்குக் கிடைப்பது விடியற்காலை மட்டும்தான். அஞ்சேகாலுக்கு தேவனாம்பட்டினம் கடற்கரை, கையில் ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸ், ஒரு நாளைக்குப் பத்து படம், அதுக்கு மேல கிடையாது. வீட்டில் அம்மா விளக்கேத்தற நேரம் அது. எனக்கு இதுதான் பூஜைன்னு சொன்னா சிரிக்கறாங்க, ஆனா காபி ஃபிளாஸ்க்கில் ஊத்தி வெச்சிடறாங்க!

சிக்கல் என்னன்னா, ஐப்பசி மழையில் லென்ஸைத் தோல் உறையோட பீரோவுக்குள்ள வெச்சுட்டேன். இப்போ உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சூரியனுக்கு எதிரே எடுத்தா படமே வெளுத்துப் போகுது. ஒரு கடையில் காட்டினேன், திறந்துகூடப் பார்க்காம புதுசு வாங்கச் சொல்லிட்டாங்க. முதல் சம்பளத்தில் வாங்கினது, மனசு வரலை.

பாண்டியில் பொறுமையா கழற்றிச் சுத்தம் பண்றவங்க இருக்காங்களா? என்ன செலவாகும்? இனிமே ஈரப்பதத்தை 40–50 சதவீதத்தில் வைக்க, காற்றுப் புகாத டப்பாவும் ஈரம் உறிஞ்சற சிலிக்கா ஜெல்லும் போதுமா, இல்லை டிரை கேபினட்தான் (உள்ளே ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தற மின்சார அலமாரி) வாங்கணுமா? கடலோரத்தில் இருக்கறவங்க அனுபவம் வேணும்.

இன்னொண்ணு. தைப்பூசத்துக்கு வடலூர் போறேன். ஏழு திரையும் விலகி ஜோதி தெரியற நேரத்தில் கேமரா பையிலேயே இருக்கட்டும்னு தோணுது. வெளியே கூட்டத்தை மட்டும் எடுக்கலாம்னு இருக்கேன். கூட வர யாராவது இருந்தா சொல்லுங்க.