தங்கையின் போனில் வேவு ஆப் இருக்கிறதா? உதவி தேவை
தண்டையார்பேட்டையில் எங்களோடு இருக்கும் தங்கை எங்கே போனாலும், பிரிந்துபோன கணவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. காசிமேட்டில் நின்றால் "மீன் வாங்கியாச்சா?" என்று மெசேஜ் வருகிறது. தீபாவளிக்குப் பிறகுதான் இப்படி. ஆண்ட்ராய்டு 12 போன். செட் பண்ணிக் கொடுத்ததே அவர். சும்மா வைத்திருந்தாலும் சூடாகிறது, மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது.

கூகுள் பாஸ்வேர்டை மாற்றி, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனும் போட்டோம். வாட்ஸ்அப் லிங்க்டு டிவைஸ், மேப்ஸ் லொகேஷன் ஷேரிங் இரண்டிலும் யாரும் இல்லை. ஆனால் கெட்ட ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் அணைந்திருந்தது. அக்சஸபிலிட்டியில் (திரையைப் பார்க்கவும் இயக்கவும் ஆப்களுக்கு அனுமதி தரும் செட்டிங்) "சிஸ்டம் சர்வீஸ்" என்று ஏதோ ஒன்று ஆனில் இருக்கிறது. அதைத் தொடவில்லை. வெளியே போகாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு மனசில்லை, சொல்லவும் மாட்டேன்.

கடைக்காரர் ரீசெட் பண்ணச் சொல்கிறார். நாங்கள் சைபர் கிரைமில் புகார் கொடுக்கப்போகிறோம். ரீசெட்டுக்கு முன் இந்த ஆதாரத்தை அழியாமல் எப்படி எடுத்து வைப்பது?