கொத்தமல்லிப் பூவில் மஞ்சள்பட்டை ஈ: இனம் சொல்லுங்களேன்

வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் கொத்தமல்லிப் பாத்தியில் எடுத்த 3 படங்கள் கீழே. தேனீ இல்லை: இறக்கை ஒரே ஜோடி, குட்டை உணர்கொம்பு, முகமெல்லாம் கண். ஹோவர்ஃப்ளைதான் (பூவருகே அந்தரத்தில் நின்று பறக்கும் ஈ), அதில் சந்தேகமில்லை. அதன் வகைகளில் இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸா, எபிசிர்ஃபஸா என்பதில்தான் இழுபறி.

எபிசிர்ஃபஸ் என்றால் வயிற்றின் 3, 4ஆம் கண்டங்களில் (வளையப் பகுதிகளில்) தடித்த கறுப்புப் பட்டையோடு, மீசை வரைந்ததுபோல் மெல்லிய கோடு ஒன்றும் தெரியணும். என் படத்தில் அந்த மீசை இல்லை. 2ஆம் கண்டத்தில் பிரிந்த இரண்டு மஞ்சள் புள்ளிகள், மார்பின் ஓரத்தில் பளிச்சென்ற மஞ்சள் கோடு. அதனால் இஸ்கியோடான் பக்கமே சாய்கிறேன். கண்கள் உச்சியில் ஒட்டியிருப்பதால் ஆண். இஸ்கியோடான் ஆண் என்றால் பின்னங்கால் அடியில் சிறு முள் இருக்கணும். மேலிருந்து எடுத்ததால் அது மறைந்துவிட்டது, இதுதான் சிக்கல்.

பக்கவாட்டில் எடுத்த படம் யாரிடமாவது உண்டா? காலை வெயில் ஏறுமுன் பூவில் அசையாமல் உட்காரும்போது எடுத்தால் கால் தெளிவாக விழும்.

பக்கத்து அவரையில் அசுவினி இருக்கு. அதன் நடுவே காலில்லாத பச்சைப் புழு கண்டால் மருந்தடிக்காதீங்க, அசுவினி தின்னும் இதன் குஞ்சாக இருக்கலாம்.