புது ஏர் பிஸ்டல்: குண்டு கீழே இடப்பக்கம் போகிறது, ட்ரிகரும் ஒரே மாதிரி இல்லை

திருவொற்றியூர்_10மீ

வணக்கம். கிளப் பிஸ்டலிலேயே ஓட்டிக்கொண்டிருந்த நான், சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் சொந்தமாக ஒரு மேட்ச் ஏர் பிஸ்டல் வாங்கிவிட்டேன். 4.5 மில்லிமீட்டர், காற்று சிலிண்டர் வைத்தது, மெக்கானிக்கல் ட்ரிகர். பெட்டியைப் பிரித்ததிலிருந்து இரண்டு தலைவலி.

ஒன்று, குறி பார்க்கிற சைட். வலது கையில் சுடுகிறேன், குண்டெல்லாம் கீழே இடப்பக்கமாக, கடிகாரத்தில் 7 மணி இருக்கும் திசையில், 7ம் வளையம் 8ம் வளையம் என்று போய் உட்காருகிறது. பின் சைட்டைத் திருகினால் கொஞ்ச நேரம் நடுவுக்கு வருகிறது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

இரண்டு, ட்ரிகர். கிளப் பிஸ்டலில் விரல் வைத்து இழுத்தால் முதலில் லேசாக வரும், ஓர் இடத்தில் முட்டி நிற்கும், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விடும். இதில் அந்த முட்டும் இடமே சில சமயம் தெரிவதில்லை, விரல் பட்டதுமே குண்டு போய்விடுகிறது. சில சமயம் கடைசி வரை இழுத்தும் விடாமல் அப்படியே நிற்கிறது. வாங்கிய இடத்தில் கேட்டால் “சுடச் சுட சரியாயிடும்மா” என்கிறார்கள். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி வேறு, அங்கே ட்ரிகர் எடையும் (குண்டு விட விரல் கொடுக்க வேண்டிய அழுத்தம்) பார்ப்பார்கள். எதை முதலில் தொடுவது, சைட்டா ட்ரிகரா?

கல்மண்டபம்_பெரிசு

தங்கச்சி, முதலில் சைட்டிலிருந்து கையை எடுங்கள். ட்ரிகர் சரியில்லாத பிஸ்டலில் சைட் திருகுவது, ஆடுகிற படகில் நின்று தராசு பிடிப்பது மாதிரி. எங்கள் காசிமேட்டு ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள், அது தேறாத வேலை.

விரல் பட்டதுமே போகிறது என்றால் எனக்கு ஸ்கோர் பற்றிய கவலை இல்லை, பக்கத்தில் நிற்பவர் பற்றிய கவலை. சரியாகும் வரை பெல்லட் போடாதீர்கள். பாரல் காலியா என்று கண்ணால் பார்த்துவிட்டு, முனையை டார்கெட் பக்கமே வைத்து, ட்ரை ஃபயர் முறையிலேயே, அதாவது குண்டில்லாமல் ட்ரிகரை மட்டும் இழுத்து, எல்லா வேலையையும் செய்யுங்கள்.

ட்ரிகரைச் சுற்றி நாலைந்து பொடி ஸ்க்ரூ இருக்கும். முதல் நிலை எடை, இரண்டாம் நிலை எடை, முதல் நிலை எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பது, சியர் (ட்ரிகர் இழுக்கும் வரை பிடித்து வைத்திருந்து விடுகிற உள் கொக்கி) பிடிப்பு, அப்புறம் குண்டு போன பிறகு ட்ரிகர் போய் முட்டி நிற்கிற ஸ்டாப். எந்த ஸ்க்ரூ எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், யூடியூபில் வேறு மாடலைப் பார்த்துவிட்டுத் திருக வேண்டாம். தொடும் முன் ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்கே நிற்கிறது என்று செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

இழுத்தும் விடவில்லை என்பது பெரும்பாலும் ஸ்டாப் ஸ்க்ரூவின் வேலை. அளவுக்கு மீறி உள்ளே இருக்கும், சியர் விடுபடும் முன்பே ட்ரிகர் அதில் முட்டிக்கொள்ளும். அதை நன்றாக வெளியே எடுத்துவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். முட்டும் இடம் தெரியவில்லை என்பது இரண்டில் ஒன்று: சியர் ஸ்க்ரூ அதிகம் உள்ளே போய் முதல் நிலையை விழுங்கிவிட்டது, இல்லை முதல் நிலைக்கே எடையை எல்லாம் கொடுத்து இரண்டாம் நிலைக்கு மிச்சம் வைக்கவில்லை. விதிப்படி குறைந்தது 500 கிராம் வேண்டும். அதில் 350 கிராம் அளவு முதல் நிலைக்கு, மிச்சம் இரண்டாவதற்கு என்று வைத்து ஆரம்பியுங்கள், இரண்டுக்கும் நடுவே முட்டுகிற சுவர் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஸ்டாப். விடாமல் நிற்கும் வரை உள்ளே திருகி, அங்கிருந்து அரைச் சுற்று வெளியே.

இன்னொன்று, சியரை அரம் போட்டுத் தேய்த்து நைஸாக்கித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் பிஸ்டலைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

எண்ணூர்_ஃபிட்டர்

ட்ரிகர் முதலில் என்பதில் பெரிசோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஆலன் கீயை எடுத்து ட்ரிகர் ஷூ (விரல் படுகிற துண்டு), கிரிப், முன் சைட், பின் சைட் எல்லாவற்றையும் ஆட்டிப் பாருங்கள். புது பிஸ்டலில் கிரிப் மரம் கொஞ்சம் செட் ஆகும், ஸ்க்ரூ லூசாகும். “கொஞ்ச நேரம் நடுவுக்கு வருகிறது, அப்புறம் பழையபடி” என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் இடிக்கிறது.

சைட் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்று கணக்குப் போட்டால் புரியும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 32 சென்டிமீட்டர் என்று வையுங்கள். நாம் சுடுகிற 10 மீட்டர் தூரம் அதைப்போல 31 மடங்கு. பின் சைட் பள்ளத்துக்குள் முன் சைட் கால் மில்லிமீட்டர் தள்ளி நின்றால், டார்கெட்டில் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் தள்ளிப்போகும், அதாவது ஒரு முழு வளையம். ஆனால் இரண்டு சைட்டும் நேராக இருந்து, கை மொத்தமாக 8 மில்லிமீட்டர் இறங்கினால் குண்டும் அதே 8 மில்லிமீட்டர்தான் இறங்கும், கூட இல்லை. கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் சைட் கோணுவதைக் கவனிக்க மாட்டார்கள். கண் முன் சைட்டிலேயே இருக்கட்டும், கறுப்பு வட்டம் மங்கலாகத்தான் தெரிய வேண்டும்.

மணல் பை மேல் இரண்டு கையாலும் பிடித்து வைத்து 5 குண்டு சுடுங்கள். ஐந்தும் ஒரே ஓட்டையாக, ஆனால் ஓரமாக விழுந்தால் அது சைட். அங்கே ஒழுங்காக விழுந்து, நின்று சுடும்போது மட்டும் கீழே இடப்பக்கம் போனால் அது விரல். வேறு ஆளைச் சுடச் சொன்னால் குரூப் (குண்டுகள் சேர்ந்து விழுகிற கூட்டம்) எவ்வளவு பெரிது என்பதை மட்டும் பாருங்கள், எங்கே விழுகிறது என்பதைப் பார்க்காதீர்கள். அவர் கண் வேறு, பிடி வேறு, அவருக்கு நடுவில் விழுகிற சைட் நிலை (ஜீரோ) உங்களுடையது இல்லை.

திருகும்போது பின் சைட் எந்தப் பக்கம் போகிறதோ குண்டும் அந்தப் பக்கம் போகும். குண்டு இடப்பக்கம் என்றால் பின் சைட் வலப்பக்கம், கீழே என்றால் மேலே. ஸ்க்ரூவில் உள்ள அம்புக்குறியை நம்பாதீர்கள், சில கம்பெனி குண்டு போன திசையைப் போடும், சில கம்பெனி போக வேண்டிய திசையை. அஞ்சாறு கிளிக் ஒரே பக்கம் திருகி ஒரு குரூப் சுட்டால் தெரிந்துவிடும். ஸ்க்ரூவில் லூசான ஆட்டம் இருந்தால், வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து திரும்பி வந்து நிறுத்துங்கள். ஒரு குண்டைப் பார்த்துத் திருகக் கூடாது, குரூப்பின் நடுவைப் பார்த்துத் திருக வேண்டும்.

கொருக்குப்பேட்டை_45

நடுவில் நுழைகிறேன். எனக்கு வயது 45 தாண்டிவிட்டது, முன் சைட் பஞ்சு மாதிரி தெரிகிறது. படிக்கிற கண்ணாடி போட்டால் முன் சைட்டும் சரியில்லை, டார்கெட் சுத்தமாகக் காணோம். அப்புறம், இதற்கு லைசென்ஸ் வேண்டாமா என்று மாடி வீட்டுக்காரர் கேட்கிறார்.

எண்ணூர்_ஃபிட்டர்

அண்ணே, படிக்கிற கண்ணாடி ஒன்றரை அடிக்குத்தான் சரி, உங்கள் முன் சைட் கை நீளத்தில் இருக்கிறது. உங்கள் தூரப் பார்வைப் பவரோடு +0.50 அல்லது +0.75 கூட்டி ஒரு லென்ஸ் போடச் சொல்லுங்கள், கண் டாக்டரிடம் பிஸ்டல் படத்தைக் காட்டி முன் சைட் இவ்வளவு தூரம் என்று சொன்னால் புரிந்துகொள்வார். பைஃபோகல் வேண்டாம், தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து போய்விடும்.

லைசென்ஸ்: 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் 20 ஜூலுக்குள் இருந்தால் வேண்டாம். மேட்ச் பிஸ்டல் 6 ஜூல் பக்கம்தான் வரும். அதற்காக மாடியில் சுடாதீர்கள். நம்ம ஏரியாவில் வீட்டுக்கு வீடு கை எட்டும் தூரம், ஒரு பெல்லட் தெறித்தாலும் பஞ்சாயத்துதான். வில்லிலும் அம்பிலும் இல்லாத சண்டை வந்துவிடும்.

திருவொற்றியூர்_10மீ

எல்லோருக்கும் நன்றி. பெரிசு அண்ணே, ஸ்டாப் ஸ்க்ரூ நீங்கள் சொன்ன மாதிரியே முழுக்க உள்ளே இருந்தது. இப்போது சுவர் தெரிகிறது, விடாமல் நிற்பதும் போய்விட்டது. ஃபிட்டர் சார், ட்ரிகர் ஷூவும் லேசாக ஆடியது, இறுக்கிவிட்டேன். மணல் பையில் வைத்துச் சுட்டால் குரூப் 10க்குள்ளேயே அடங்குகிறது. நின்று சுட்டால் இன்னமும் கீழே இடம், ஆனால் முன்னளவு இல்லை. 500 கிராமை வீட்டில் எப்படிப் பார்ப்பது?

கல்மண்டபம்_பெரிசு

அப்போ மிச்சம் விரல்தான். கூட வருகிறவரை பெல்லட் போட்டு மூடித் தரச் சொல்லுங்கள், சில தடவை போடாமலே மூடித் தரட்டும், எது என்று உங்களுக்குச் சொல்லக் கூடாது. காலியாக இருக்கும்போது முனை கீழே முங்குவதை உங்கள் கண்ணே பார்க்கும். விரல் நுனிச் சதை ட்ரிகரில் பட வேண்டும், மடிப்பு இல்லை. ஷூவை முன்னே பின்னே தள்ளி, விரல் நேர் பின்னால் வருகிற மாதிரி வையுங்கள்.

எடைக்கு ஒரு சின்ன தண்ணீர் பாட்டில் போதும். சமையல் தராசில் கம்பிக் கொக்கியோடு சேர்த்து 500 கிராம் வரும்படி தண்ணீர் ஊற்றுங்கள். பெல்லட் இல்லாமல் காக் செய்து (சுடத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து), முனையை நேராக மேலே நிறுத்தி, கொக்கியை ட்ரிகரில் மாட்டி மெதுவாகத் தூக்குங்கள், ட்ரிகர் விடுபடாமல் எடையைத் தூக்க வேண்டும். விளிம்பில் வைக்காதீர்கள், 510 அல்லது 520 வைத்துக்கொள்ளுங்கள். போட்டி முடிந்த பிறகும் குலுக்கல் முறையில் கூப்பிட்டுச் சோதிப்பார்கள், அங்கே விட்டால் சுட்டதெல்லாம் போச்சு. ஆலன் கீயையும் லைனுக்கு எடுத்துப் போங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கே தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி நேரம் போனது, 575 புள்ளியோடு இறுதிக்கு வர முடியவில்லை. அதே பொண்ணு 2024 பாரிஸில் 10 மீட்டரில் வெண்கலம் வாங்கினாள்.

எண்ணூர்_ஃபிட்டர்

கடல் காற்றுக்கு ஒரு வார்த்தை. திருவொற்றியூரில் பெட்டியைத் திறந்து போட்டால் ஒரு மழைக்காலம் போதும், ஸ்க்ரூ தலையெல்லாம் துரு. வெளி இரும்பைத் துணியில் லேசாக எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், பெட்டிக்குள் சிலிகா ஜெல் போடுங்கள். ஆனால் தையல் மெஷின் எண்ணெயைச் சிலிண்டர் வாய்ப்பக்கமோ ஓ-ரிங்கிலோ தொடவே கூடாது. 200 பார் காற்றும் பெட்ரோலிய எண்ணெயும் சேர்ந்தால் ஆபத்து, அங்கே கையேடு சொல்கிற சிலிகான் கிரீஸ் மட்டும். சிலிண்டரில் காற்று ரொம்ப இறங்கினாலும் குண்டு கீழே போகும், அதையும் சைட் தப்பு என்று நினைத்துத் திருகிவிடாதீர்கள்.

அப்படியே சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியையும் பாருங்கள். 10 வருடம் தாண்டினால் போட்டியில் விடமாட்டார்கள். பிஸ்டல் புதுசாக இருந்தாலும் சிலிண்டர் கடை அலமாரியில் சில வருடம் தூங்கியதாக இருக்கலாம், அப்படி இருந்தால் இப்போதே மாற்றிக் கேளுங்கள்.